தயிர்க் கிருமியின் பசி காட்டிக் கொடுத்த மருந்து

கெடா தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இருள் பிரியும் நேரத்தில் வெட்டிய பாலை, வெயில் ஏறுவதற்குள் ஸ்டோரில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். தாமதமானால் மங்கிலும் வாளியிலும் பால் திரிந்துவிடும். கட்டியாகும். புளித்த வாடை வீசும். அந்தக் கட்டிக்கு நல்ல பாலின் மதிப்புக் கிடையாது.

பால் ஏன் திரிகிறது? வெயிலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ரப்பர் பாலில் ரப்பர் மட்டும் இல்லை. சர்க்கரையும், புரதமும், அமினோ அமிலங்களும், உப்புகளும் அதில் கலந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்கு அது பெரிய விருந்து. அவை தின்று பெருகுகின்றன, அமிலத்தை வெளிவிடுகின்றன. அந்த அமிலம் பாலைத் திரிய வைக்கிறது. பால் கெடாமல் இருக்க அதில் அம்மோனியா கலப்பது இந்த விருந்தைக் கெடுப்பதற்காகத்தான். ரப்பரைப் பிரித்தெடுத்த பிறகு வீணாகும் நீரைக் கொண்டே நுண்ணுயிர்களை வளர்க்கலாம் என்று டெய்சம் என்ற ஆய்வாளர் 1956-ஆம் ஆண்டில் எழுதினார்.

நுண்ணுயிர்களை வளர்ப்பதற்காகத் தயாரிக்கப்படும் தீனிக்கு 'வளர் ஊடகம்' என்று பெயர். அதில் என்ன சத்து இருக்கிறது, எது இல்லை என்பதைப் பொறுத்து நுண்ணுயிர் செழிக்கும் அல்லது பட்டினி கிடக்கும். இது ஆய்வுக்கூடத்துச் சங்கதி, தோட்டத்து மக்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். ஆனால் பாலைப் புளிக்க வைக்கும் ஒரு சின்னஞ்சிறு கிருமி பட்டினி கிடந்ததால்தான், பிள்ளைத்தாய்ச்சிகளின் உயிரைக் காத்த ஒரு மாத்திரை உலகுக்குக் கிடைத்தது. அந்தக் கதை மலாயாவையும் தமிழகத்தையும் தொட்டுச் செல்வது என்பதுதான் இதில் விசேஷம்.

பாஸ்டர் கொடுத்த முதல் தீனி

கதை 1857-ல் தொடங்குகிறது. பால் புளிப்பதற்கு உயிருள்ள ஒன்றே காரணம் என்று பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் அந்த ஆண்டில் அறிவித்தார். அதை நிரூபிக்க அவர் அந்த உயிரை வளர்த்துக் காட்ட வேண்டியிருந்தது. வெறும் சர்க்கரைத் தண்ணீர் போதவில்லை. ஈஸ்ட்டைக் கொதிக்க வைத்து வடிகட்டி, அந்தச் சாற்றில் சர்க்கரையைக் கரைத்து, சுண்ணாம்புத் தூளும் சேர்த்துக் கொடுத்தார். கிருமி செழித்து வளர்ந்தது.

ஈஸ்ட்டுச் சாற்றில் அப்படி என்ன இருந்தது? அந்தக் கேள்விக்குப் பாஸ்டர் காலத்தில் பதில் இல்லை. ஆனால் ஒன்று தெளிவானது. லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் சாப்பாட்டு விஷயத்தில் மிகவும் செல்லம் கொண்டாடும் பிள்ளைகள். பால், காய்கறி, மாவு போன்ற சத்து நிறைந்த இடங்களிலேயே காலங்காலமாகக் குடியிருந்து பழகியதால், பல சத்துகளைத் தாமே தயாரித்துக்கொள்ளும் திறமையை இழந்துவிட்டவை அவை. மனிதனும் அப்படித்தான். வைட்டமின்களை அவனால் உடலுக்குள் தேவையான அளவு தயாரிக்க முடியாது. சாப்பாட்டில்தான் பெற வேண்டும். இந்த ஒற்றுமைதான் பின்னாளில் கைகொடுத்தது.

புழுங்கல் அரிசி சொன்ன சேதி

அடுத்த அத்தியாயம் நடந்தது மலாயாவில். 1900-களின் தொடக்கத்தில் பெரிபெரி நோய் இந்நாட்டில் தலைவிரித்தாடியது. கை கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், இறுதியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். அதே நாட்டில், அதே வெயிலில் உழைத்த தமிழர்களுக்கு அந்த நோய் அரிதாகவே வந்தது.

நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கூர்ந்து கவனித்தார். சீனர் சாப்பிட்டது நன்றாகத் தீட்டிய பச்சரிசி, தமிழர் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. நோய்க்கும் அரிசிக்கும் தொடர்பு இருக்கிறது என்று 1907-ல் அவர் ஒரு நூலே எழுதினார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்ற மருத்துவர், நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து இரண்டு வகை அரிசியையும் கொடுத்துப் பார்த்தார். அங்கும் பச்சரிசி சாப்பிட்ட பிரிவையே நோய் தாக்கியது.

பச்சரிசியில் ஏதோ விஷம் இருக்கிறது என்று பிராடன் நினைத்தார். அது தவறு என்று காட்டியவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும். ஜாவானியத் தொழிலாளர்களிடையே நடத்திய சோதனையின் முடிவை அவர்கள் 1909-ல் வெளியிட்டார்கள். அரிசியில் விஷம் இல்லை. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு ஏதோ ஒரு சத்து போய்விடுகிறது என்ற உண்மை அவர்களுடைய ஆய்வுகளால் தெளிவானது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. புழுங்கல் அரிசி காப்பாற்றிய ரகசியம் அதுதான்.

அதே 1909-ஆம் ஆண்டில்தான் கெடா, சயாமின் கையிலிருந்து பிரிட்டிஷ் ஆதிக்கத்தின் கீழ் வந்தது. அதன்பின் சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் ரப்பர் தோட்டங்கள் மளமளவென்று பெருகின. பினாங்கில் கப்பல் இறங்கிய தமிழர்கள் அங்கே குடியேறினார்கள். மாநிலத்தின் வடக்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல், தெற்கே ரப்பர் காடு. லயன் வீட்டுப் பானையில் வெந்ததோ ஊரிலிருந்து பழகி வந்த புழுங்கல் அரிசி. எந்த மருத்துவரும் சொல்லாமலேயே ஒரு கொடிய நோயிலிருந்து தம்மைக் காத்துக்கொண்ட சமுதாயம் அது என்றால் மிகையாகாது.

நெல்லூரில் ஒருவர், ஊட்டியில் ஒருவர்

தவிட்டில் போன அந்தச் சத்துதான் பி-1 வைட்டமின். அதை 1936-ல் ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கிக் காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். அவர் பிறந்தது எங்கே தெரியுமா? அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில், 1886-ல். பாப்டிஸ்ட் பாதிரியாரின் மகன். அவருடைய தம்பி ரோஜர் வில்லியம்ஸ் 1893-ல் உதகமண்டலத்தில் பிறந்தவர். அண்ணன் பெரிபெரிக்கு மருந்து கண்டார். தம்பி இரத்தசோகைக்கான மருந்துக்குப் பெயர் வைத்தார். அந்தத் தம்பியின் ஆய்வில் கருவியாக இருந்தவைதான் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள்.

வெளிறிப்போன தாய்மார்கள்

புழுங்கல் அரிசி பெரிபெரியைத் தடுத்தது உண்மை. ஆனால் அது எல்லாக் குறையையும் தீர்க்கவில்லை. தோட்டத்துப் பெண்களிடம் வேறொரு நோய் குடிகொண்டிருந்தது. அதுதான் இரத்தசோகை.

காரணம் ஒன்றல்ல. மலேரியா ஒன்று. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடந்ததால் ஏறிய கொக்கிப்புழு இன்னொன்று. ராக்பெல்லர் அறக்கட்டளை அனுப்பிய குழு 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் இதைப் பற்றி ஆராய்ந்தது. புழுவை நீக்கி இரும்புச் சத்துக் கொடுத்தால் பலர் தேறினார்கள். ஆனால் சில கர்ப்பிணிகள் மட்டும் தேறவில்லை. அவர்களுடைய இரத்த அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தன. இரும்புச் சத்துக் குறைந்தால் அணு சிறுக்கும். இங்கே அணு பெருத்திருந்தது. அப்படியானால் குறைவது இரும்பு மட்டுமல்ல, வேறு ஏதோ ஒன்று.

அந்த ஒன்றைத் தேடி 1928-ல் இந்தியா வந்தவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர். பம்பாயில் பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளிடையே அவர் ஆய்வைத் தொடங்கினார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் வேலை செய்தார். சென்னையில் அன்று கோஷா ஆஸ்பத்திரி என்று அழைக்கப்பட்ட, இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையிலும் பணியாற்றினார்.

ஏழைப் பெண்களின் சாப்பாட்டைப் போலவே எலிகளுக்கும் கொடுத்தார். எலிகளுக்கும் சோகை வந்தது. அதனுடன் ஈஸ்ட்டைச் சேர்த்தார். நோய் தடுக்கப்பட்டது. பிறகு கர்ப்பிணிகளுக்கே ஈஸ்ட்டுச் சாறு கொடுத்தார். படுக்கையில் கிடந்தவர்கள் சில நாட்களிலேயே தேறத் தொடங்கினார்கள். 1931-ல் இந்த முடிவு வெளியானது. அவர் கொடுத்த சாறு எது? மலேசியர்கள் இன்றும் கஞ்சியில் கலந்து சாப்பிடும் மார்மைட்தான்!

கவனிக்க வேண்டிய இடம் இது. 1857-ல் புளிப்புக் கிருமிக்குப் பாஸ்டர் கொடுத்ததும் ஈஸ்ட்டுச் சாறு. பிள்ளைத்தாய்ச்சிக்கு லூசி வில்ஸ் கொடுத்ததும் ஈஸ்ட்டுச் சாறு. இருவருக்கும் அதிலிருந்து ஏதோ ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. ஆனால் அது இன்னதென்று லூசி வில்ஸால் பிரித்துக் காட்ட முடியவில்லை. 'வில்ஸ் காரணி' என்ற பெயர்தான் மிஞ்சியது.

பட்டினி போட்டுப் பிடித்த சத்து

ஒரு சத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் அதை அளக்க ஒரு வழி வேண்டும். மனிதர்களைப் பட்டினி போட முடியாது. எலிகளுக்கு வாரக்கணக்கில் ஆகும், செலவும் அதிகம். அமெரிக்காவில் எஸ்மண்ட் ஸ்னெல் என்ற இளம் விஞ்ஞானி வேறொரு வழி கண்டார். லாக்டோபாசில்லஸ் கேசி என்ற புளிப்புக் கிருமியைப் பட்டினி போட்டுப் பார்ப்பது!

முறை எளிது. கிருமிக்கு வேண்டிய எல்லாச் சத்தும் உள்ள ஊடகத்தைத் தயாரிக்க வேண்டும், ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவிட்டு. கிருமி வளராது. பிறகு சோதிக்க வேண்டிய உணவின் சாற்றைச் சில சொட்டு விட வேண்டும். விடுபட்ட சத்து அதில் இருந்தால் கிருமி வளரும், அமிலம் சுரக்கும், தெளிந்த நீர் கலங்கும். எவ்வளவு சத்தோ அவ்வளவு வளர்ச்சி. மூன்று நாட்களுக்குள் விடை கிடைத்துவிடும். 1939-ல் ஸ்னெலும் ஸ்டிராங்கும் இந்த முறையில் பி-2 வைட்டமினை அளந்து காட்டினார்கள்.

அப்போதுதான் ஒரு புதிர் எழுந்தது. அன்றைக்குத் தெரிந்த எல்லா வைட்டமின்களையும் சேர்த்துக் கொடுத்தும் அந்தக் கிருமி சரியாக வளரவில்லை. ஈஸ்ட்டுச் சாறோ ஈரல் சாறோ விட்டால் உடனே வளர்ந்தது. பெயர் தெரியாத ஒரு சத்து இன்னும் மிச்சம் இருக்கிறது என்று கிருமியே காட்டிக் கொடுத்துவிட்டது.

அந்தச் சத்தைத் தேடி, ஊட்டியில் பிறந்த ரோஜர் வில்லியம்ஸும், ஸ்னெலும், மிட்செலும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் 4 டன் பசலைக் கீரையை அரைத்துச் சாறு எடுத்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எந்தப் பகுதியில் சத்து இருக்கிறது என்று காட்டியது லாக்டிக் அமில நுண்ணுயிர்தான். இறுதியில் மிஞ்சியது துளியளவு. இலை என்று பொருள்படும் 'ஃபோலியம்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து 1941-ல் அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். கீரைச் சத்து என்று தமிழில் சொன்னாலும் பொருந்தும்.

கதர் அணிந்த மருத்துவர்

டன் கணக்கில் கீரை அரைத்துத் துளித்துளியாக எடுத்தால் எத்தனை பேருக்குக் கொடுக்க முடியும்? அதைச் செயற்கையாகத் தயாரித்தால்தான் ஏழைக்கு எட்டும். அதைச் சாதித்தது அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடம். அங்கே ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

ஆந்திரத்துப் பீமவரத்தில் 1895-ல் பிறந்த சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்து வந்தார். அதைப் பொறுக்காத ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்தால், முழு எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் குறைந்த தகுதிப் பட்டம்தான் அவருக்குக் கிடைத்தது. அவருடைய சகோதரர் 'ஸ்ப்ரூ' என்ற நோயால் இறந்தார். உணவிலுள்ள சத்து குடலில் சேராமல் போகும் வியாதி அது. அந்நோயில் குறைந்துபோகும் சத்துகளில் முக்கியமான ஒன்று ஃபோலிக் அமிலம் என்பது பின்னாளில் தெரியவந்தது.

1945-ல் அவருடைய தலைமையில் இயங்கிய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்துவிட்டது. மாத்திரை மலிவானது. சுப்பாராவ் 1948-ல் தமது 53-ஆவது வயதில் காலமானார். அதே ஆண்டில் பி-12 வைட்டமினும் பிரித்தெடுக்கப்பட்டது. அதற்கும் வழிகாட்டியது மேரி ஷார்ப் என்ற பெண் விஞ்ஞானி பயன்படுத்திய இன்னொரு லாக்டிக் அமில நுண்ணுயிர்தான்.

அந்த ஆண்டுகளில் கெடா

உலகம் ஃபோலிக் அமிலத்தைத் தேடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கெடா தோட்டத்துத் தமிழர்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்கவில்லை. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் திரும்பி வரவேயில்லை. புழுங்கல் அரிசி ஒரு காலத்தில் கொடுத்த பாதுகாப்பு அங்கே இல்லை. பெரிபெரி அந்த முகாம்களில் தாராளமாக உலவியது.

போர் முடிந்தபின், 1946, 1947-ஆம் ஆண்டுகளில் கெடாவில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளை மூடப் போராடியது. ஏ. எம். சாமி அதன் தலைவர். பீடோங் வட்டாரத்து ஹார்வார்ட் தோட்டம் அந்தப் போராட்டத்தால் வரலாற்றில் இடம்பெற்றது. கள்ளில் ஈஸ்ட்டு இருக்கிறது, லாக்டிக் அமில நுண்ணுயிர் இருக்கிறது, பி வைட்டமின்களும் இருக்கின்றன. அறிவியல் இதை மறுக்கவில்லை. ஆனால் கள்ளின் போதை, குடிப்பவன் உடலில் ஃபோலிக் அமிலம் சேர்வதைத் தடுக்கிறது என்பதும் அறிவியல்தான். தவிர, கூலியில் பாதி கள்ளுக்கடைக்குப் போனால், வீட்டில் பிள்ளைத்தாய்ச்சியின் தட்டில் கீரை எப்படி விழும்? அந்தப் போராட்டம் மானத்துக்காக நடந்தது. அது சோற்றுக்காகவும் நடந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகும் சோகை உடனே மறையவில்லை. கோலாலம்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றிய லெவெலின்-ஜோன்ஸ் என்ற மருத்துவர், கர்ப்பிணிகளின் கடும் இரத்தசோகை பற்றி 1965-ல் விரிவாக எழுதினார். இரத்தத்தில் ஃபோலிக் அமிலம் எவ்வளவு என்று அளக்கும் முறையும் அந்தக் காலக்கட்டத்தில்தான் பரவியது. நோயாளியின் இரத்தநீரைச் சிறிதளவு பட்டினிக் கிருமிக்குக் கொடுப்பார்கள். அது வளர்வதை வைத்து அளவு சொல்வார்கள். வேறு பல இயந்திரங்கள் வந்த பிறகும், மக்கள்தொகை ஆய்வுகளில் இந்தச் சோதனையை உலக சுகாதார நிறுவனம் இன்றும் பரிந்துரைக்கிறது.

இன்றைய கேள்வி

1991-ல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நடத்திய ஆய்வு இன்னொரு கதவைத் திறந்தது. முதுகுத்தண்டு சரியாக மூடாத குழந்தையை ஏற்கனவே பெற்ற தாய்மார்கள், கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டால், அந்தக் குறை மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைகிறது என்று அது காட்டியது. மறு ஆண்டே, பிள்ளைபெறும் வயதிலுள்ள எல்லாப் பெண்களுக்கும் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் வேண்டும் என்று அமெரிக்க அரசு அறிவுறுத்தியது.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. கருவின் முதுகுத்தண்டுக் குழாய் ஏறக்குறைய 28 நாட்களில் மூடிவிடுகிறது. பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்றே அப்போது தெரியாது. எனவே கிளினிக்கில் பெயர் பதிந்த பிறகு சாப்பிடத் தொடங்கும் மாத்திரை இரத்தசோகைக்கு உதவும், ஆனால் முதுகுத்தண்டைப் பொறுத்தவரை காலம் கடந்திருக்கும். கல்யாணம் பேசும்போதே பேச வேண்டிய மாத்திரை இது.

இன்று தோட்டங்கள் பல செம்பனையாகிவிட்டன, சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டத்துப் பிள்ளைகள் சுங்கைப்பட்டாணி, கூலிம் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். லயன் வீட்டுப் பின்புறம் இருந்த முருங்கை மரம் அடுக்குமாடி வீட்டில் இல்லை. புழுங்கல் அரிசிக்குப் பதில் வெள்ளை அரிசி, அவசரத்துக்கு ரொட்டிச் சானாய். வசதி வந்தது, கீரை போய்விட்டது.

தயிரும் தோசையும் சாப்பிட்டால் எல்லாச் சத்தும் வந்துவிடும் என்று நம்புகிறவர்களும் உண்டு. பாதிதான் உண்மை. தயிரில் சேர்ந்து வாழும் இரண்டு கிருமிகளில் ஒன்று ஃபோலிக் சத்தைத் தயாரிக்கிறது, மற்றது அதைத் தின்கிறது. மிச்சம் எவ்வளவு என்பது கிருமிக்குக் கிருமி மாறும். தயிர் நல்லதுதான். ஆனால் அது கீரைக்கும் மாத்திரைக்கும் ஈடாகாது.

கீரையை நீண்ட நேரம் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் சத்தில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போகும். குறைந்த நேரம் வேகவைத்து, வெந்த நீரோடு சாப்பிட வேண்டும். பருப்பிலும் பயறிலும் இந்தச் சத்து உண்டு. அரசாங்கத் தாய் சேய் நல கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகள் தருகிறார்கள். குமட்டுகிறது என்று அவற்றை அலமாரியில் போட்டுவிடுவதால் பயனில்லை. குமட்டினால் தாதியிடம் சொல்லி, எந்த நேரத்தில் எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு கிருமியின் பசியைப் புரிந்துகொள்ள உலகின் தலைசிறந்த மூளைகள் எண்பது ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டன. அந்தப் பாட்டின் பலன் இன்று ஒரு சின்ன மாத்திரையாக வீடு தேடி வருகிறது. திருமண வயதில் மகளோ மருமகளோ இருக்கும் வீடுகளில், அதைப் பற்றி இன்று இரவே பேசிவிடுவது நல்லது.